‘பால் காணாது’: ஒரு முறைப்பாட்டின் சமூக வரலாறு

பிள்ளை பிறந்து இரண்டு கிழமை கழிவதற்கிடையில் எமது ஊர்களின் பெரும்பாலான வீடுகளிலே ஒரு வார்த்தை எழும்: ‘பிள்ளைக்குப் பால் காணாது.’ பிள்ளை அழுதால் பால் காணாது. இரவில் உறங்காவிடின் பால் காணாது. நெடுநேரம் உறங்கினாலோ, பால் காணாமற் சோர்ந்து கிடக்கிறதென்பர். தாய் சொல்லுமுன்னரே அம்மம்மா சொல்லிவிடுவார். அவர் சொல்லாதுவிடின் பிள்ளை பார்க்க வந்த அயலவர் சொல்லுவர். சுறா வறையும் முருங்கையிலையும் சரக்குத்தூளும் அடுக்களைக்கு வந்துசேரும். அவற்றோடு கடையிலிருந்து ஒரு பால்மாப் பேணியும் வரும். சில நாட்களிற் பேணி நிலைத்துவிடும். தாயின் பால் வற்றிவிடும். ‘நாங்கள் அப்பொழுதே சொன்னோமே’ என்று எல்லோரும் திருப்தியடைவர், தாயைத் தவிர.

இச்சிறு வார்த்தைக்கு ஒரு வரலாறு உண்டு. அரசிறை பற்றியும் நிலவுடைமை பற்றியும் பெருந்தோட்டப் பொருளாதாரம் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதும் நாம் தொட்டிலருகே சென்று பார்ப்பது அரிது. அது பெண்களின் விடயம், வைத்தியர்களின் விடயம் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் ஒரு குழந்தை எதனைக் குடித்தது, யாருடைய பாலைக் குடித்தது, எத்தனை மணிக்கு ஒருமுறை குடித்தது என்னும் வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகள் அச்சமூகத்தின் உழைப்பு முறையையும் அறிவு முறையையும் காட்டிக்கொடுப்பவை. தாயிடம் பால் காணாமை பெரும்பாலும் அவளுடைய உடலின் குறையன்று. தாயையும் பிள்ளையையும் பிரித்துவைத்த ஏற்பாடுகளின் விளைவு என்பதே இக்கட்டுரையில் நான் நிறுவ முயல்வது.

முதலில் உடலியல் கூறுவதைச் சுருக்கமாக நோக்குவோம். பிள்ளை முலையுறிஞ்சும்போது தாயின் கபச்சுரப்பியிலிருந்து இரு ஓமோன்கள் சுரக்கின்றன. புரொலக்ற்றின் பாலை உண்டாக்குகின்றது; ஒட்சிற்றோசின் உண்டான பாலை வெளியே தள்ளுகின்றது. பால் வெளியேறும் அளவுக்கே புதிய பால் ஊறும். வெளியேறாது தேங்கினால் ஊற்றும் அடங்கிவிடும். கிணறு இறைக்க ஊறும் என்று நம்மவர் கூறுவது இங்கு சாலவும் பொருந்தும். ஒருநாளைக்கு எட்டு முதற் பன்னிரண்டு தடவை வரை பாலருந்துவது பிறந்த குழந்தைக்கு இயல்பானதே. இதனிடையே ஒரு போத்தற் பாலைப் புகட்டினால் பிள்ளை ஒரு தடவை குறைவாக உறிஞ்சும். ஊற்றும் அவ்வளவுக்குக் குறையும். மறுநாள் இன்னொரு போத்தல் தேவைப்படும். ‘பால் காணாது’ என்ற அச்சம் தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும் விதம் இதுதான். மெய்யாகவே பால் குறைந்த தாய்மாரும் உளர். பிரசவத்தின்போது மிகுந்த குருதிப்போக்குக்கு உள்ளானோர், நஞ்சுக்கொடியின் துண்டு கருப்பையில் தங்கியோர், கேடயச் சுரப்பி நோயுடையோர் ஆகியோரை மறுப்பதற்கில்லை. அத்தகையோர் சிலரே, முறைப்பாடு செய்வோரோ பலர். இவ்விரு தொகைகளுக்குமிடையே உள்ள வெளியிலேதான் வரலாறு குடியிருக்கின்றது.

பழைய வைத்திய நூல்களும் இவ்விடயத்திற் குற்றமற்றவை அல்ல. பிரசவித்து மூன்று நான்கு நாட்கள் சென்ற பின்னரே தாய்க்குப் பால் பெருகும் எனக் கொண்ட சுசுருத சங்கிதை, அதுவரைக்கும் தேனும் நெய்யும் கொடுக்குமாறு விதித்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியிற் புகழ்பெற்றிருந்த கிரேக்க வைத்தியர் சொரானசும் முதல் நாட்களின் தாய்ப்பால் பிள்ளைக்கு ஒவ்வாதென்றே கருதினார். ஒருவரையொருவர் அறியாத இரு மரபுகள் ஒரே தவறிலே சந்தித்தமை வியப்புக்குரியது. மஞ்சள் நிறமாய், தடித்து, சில துளிகளே வரும் சீம்பாலை அவை பாலென்று மதிக்கவில்லை. அச்சில துளிகளிலே பிறபொருளெதிரிகள் செறிந்துள்ளன என்பதும், பிறந்த குழந்தையின் சிறிய இரைப்பைக்கு அத்துளிகளே போதுமானவை என்பதும் மிகப் பிற்காலத்தில் அறியப்பட்ட உண்மைகள். நமது கிராமங்களிலும் சீம்பாலைப் பீச்சிவிட்டுச் சீனித்தண்ணீர் தொட்டுவைத்த வழக்கம் பல இடங்களில் இருந்தது. எனவே ‘பண்டைக்காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது, மேனாட்டார் வந்தே கெடுத்தனர்’ என்ற எளிய முடிவுக்கு வருவது பொருந்தாது. ஆயினும் பழைய முறையில் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பிள்ளை தாயின் மடிக்கு மீண்டது. அதன்பின் இரவும் பகலும் அங்கேயே கிடந்தது. முதலிலே நேர்ந்த தவறைத் தாயின் அண்மை திருத்திக்கொண்டது. பிற்காலத் தவறுகளுக்கு அத்தகைய திருத்தம் வாய்க்கவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலே மேட்டுக்குடிப் பெண்கள் செவிலித்தாயரை அமர்த்தினர். அதனைக் கண்டித்து வில்லியம் கடோகன் என்னும் ஆங்கில வைத்தியர் 1748இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்புக் கட்டுரை, தாயே பாலூட்டவேண்டும் என்று வற்புறுத்தியது. நல்ல கருத்துத்தான். ஆனால் அதே கட்டுரை நாளொன்றுக்கு நான்கு தடவை ஊட்டினாற் போதும், இரவில் வேண்டாம் என்றும் விதித்தது. அனுபவமுள்ள பெண்களின் அறிவைப் பேதைமையென்று தள்ளிவிட்டு, பிள்ளை வளர்ப்பைக் கற்ற ஆடவர் கையேற்கவேண்டும் என்பது அவருடைய துணிபு. மணிக்கூடு தொட்டிலருகே வந்து நின்றது அப்பொழுதுதான் எனலாம். தாய்ப்பாலைப் புகழ்ந்துகொண்டே அது ஊறும் வழியை அடைத்துவிடும் இந்த முரண்பாடு அடுத்த இருநூறு ஆண்டுகளுக்குத் தொடர்ந்தது.

கைத்தொழிற் புரட்சி இதற்கு வேறொரு முகத்தைத் தந்தது. இலங்காசயர்ப் பருத்தி ஆலைகளிலே வேலைசெய்த பெண்கள் பிரசவித்துச் சில கிழமைகளில் ஆலைக்குத் திரும்பினர். பிள்ளை ஓர் அயற்கிழவியிடம் விடப்பட்டது. அதற்குக் கிடைத்தது தண்ணீரிற் கரைத்த பாண்கூழ்; அழாதிருக்க அபின் கலந்த மருந்தும் கொடுக்கப்பட்டது. 1861 தொடக்கம் 1865 வரை நடைபெற்ற அமெரிக்க உள்நாட்டுப் போரினாற் பருத்தி வரவு தடைப்பட்டு ஆலைகள் மூடப்பட்டன. மக்கள் பட்டினி கிடந்தனர். அத்தகைய காலத்தில் முதலில் மடிவது குழந்தைகளே என எவரும் எதிர்பார்ப்பர். ஆயின் குழந்தை மரணம் குறைந்திருந்ததை அக்கால மருத்துவ அதிகாரிகள் கண்டு குறித்தனர். வேலையிழந்த தாய்மார் வீட்டிலிருந்து பாலூட்டியமையே காரணமென அவர்கள் கருதினர். வறுமை மிக, குழந்தைகள் பிழைத்தன. ஆலைப்பெண்ணின் உடலிற் குறையேதும் இருக்கவில்லை. ஆலையின் சங்கொலியே அவளுடைய பாலை வற்றச் செய்தது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இத்தகைய தாய்மாரின் நெருக்கடியிலேதான் பேணிப்பாலுக்குச் சந்தை பிறந்தது. 1856இல் அமெரிக்கரான கேல் போர்டன் பாலைச் சுண்டவைத்துக் கெட்டியாக்கும் முறைக்கு உரிமை பெற்றார். 1865இல் ஜேர்மானிய இரசாயன அறிஞர் லீபிக், கோதுமை மா, முளைத்தானிய மா, பசுப்பால் முதலியவை சேர்ந்த குழந்தையுணவொன்றை அறிவித்தார். 1867இல் சுவிற்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே தமது பால்மாவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். தாயை இழந்த குழந்தைகளுக்கும் பாலூட்ட இயலாத தாய்மாரின் குழந்தைகளுக்கும் இவை பயன்பட்டிருக்கும் என்பதை மறுக்கக்கூடாது. ஆனால் ஒரு பொருளின் விற்பனை, தேவையுள்ளோருடன் நின்றுவிடுவதில்லை. தேவை இல்லாதவிடத்துத் தேவை உண்டென்ற ஐயத்தை உண்டாக்கினாற் போதும். ஐயத்துக்கு முதலீடு குறைவு, இலாபம் அதிகம்.

இலங்கைக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலே அமெரிக்க மிசனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் கிறீன், மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கிய வரிசையிற் ‘பிரசவ வைத்தியம்’ 1857இல் வெளிவந்தது. தமிழிலே மகப்பேற்று மருத்துவம் கற்பிக்கலாம் என்று அன்று நிறுவப்பட்டமையை நாம் இன்றும் போதியளவு நினைவுகூருவதில்லை என்பதை இடையே கூறிவைக்கிறேன். நூற்றாண்டின் இறுதியில் இணுவிலிலே பெண்களுக்கான வைத்தியசாலை எழுந்தது. இவற்றாற் பிரசவம் ஓரளவு காப்புப் பெற்றது. பிரசவத்தின் பின்னர் வரும் ஓராண்டோ அநேகமாக அம்மம்மாவின் பொறுப்பிலேயே இருந்தது.

மலையகத்தின் நிலை வேறு. அங்கே தாயின் நாள் துரைமாருடைய கணக்கில் அடங்கியது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், பிரசவித்த பெண்ணுக்கு முப்பது நாட்களுக்கு உணவும் உறைவிடமும் வழங்குமாறும், தோட்டத்திலுள்ள ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பராமரிக்குமாறும் தோட்ட நிர்வாகத்தைப் பணித்தது. சட்டப் புத்தகத்திலே அழகாகத்தான் இருக்கிறது. முப்பத்தோராம் நாள் என்ன நிகழ்ந்தது? பிரட்டுக்களம் அழைத்தது. பிள்ளை பிள்ளைக்காம்பராவில் ஒரு வயோதிபப் பெண்ணின் பொறுப்பில் விடப்பட்டது. தாய் கொழுந்துக்கூடையோடு மலையேறினாள். மலை தொலைவாயின் இடைநேரத்தில் வந்து பாலூட்டுவது எங்ஙனம்? மார்பிலே பால் கட்டிக் கல்லாகும், காய்ச்சல் வரும், பிறகு ஊற்று அடங்கும். இலங்காசயர் ஆலைக்கும் தேயிலை மலைக்கும் பெயரும் குளிருமே வேறு. பெருந்தோட்ட வரலாறு எழுதுவோர் பறித்த கொழுந்தின் நிறையைப் பதிந்த அளவுக்கு, அதற்காக ஊட்டப்படாதுபோன பாலைப் பதியவில்லை.

நாடு முழுவதையும் நோக்கின், மலேரியாக் கொள்ளைநோய் தாக்கிய 1935இல் இலங்கையிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஒரு வயதுக்கு முன்னர் மாண்டன. 1946இல் அத்தொகை 141; மறு ஆண்டில் 101. இவ்வீழ்ச்சிக்கு டீ.டீ.ரீ. மருந்தைக் காரணமாகக் கூறுவோர் உளர். இலவசக் கல்வியையும் உணவுப் பங்கீட்டையும் சுட்டுவோர் உளர். அவ்விவாதம் நெடிது. ஒன்று மட்டும் கூறலாம். 1926இல் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பகுதி முறை பின்னர் நாடெங்கும் பரவியபோது, பயிற்சி பெற்ற மருத்துவ மாது வீட்டுப் படலைக்கு வந்தாள். கட்டில்களையும் கட்டடங்களையும் மட்டும் எண்ணும் வரலாறுகளில் அவளுடைய இடம் சிறிது.

அக்காலத்து உலக மருத்துவத்தின் போக்கோ மணிக்கூட்டின் பக்கமே சாய்ந்திருந்தது. 1907இல் நியூசீலாந்திலே துறூபி கிங் தொடக்கிய இயக்கம், பிள்ளைக்கு நான்கு மணிக்கு ஒருமுறை ஊட்டுதல், இரவிலே ஊட்டாதிருத்தல் என்னும் ஒழுங்கைப் பிரித்தானிய ஆட்சிப்பரப்பு எங்கும் பரப்பியது. அவரும் தாய்ப்பாலையே போற்றினார் என்பது குறிப்பிடத்தக்கது. கடோகனின் முரண்பாடு இங்கே நிறுவன வடிவம் பெற்றது. பெரிய வைத்தியசாலைகளில் பிறந்த குழந்தைகள் தாயரிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தனியறையில் வரிசையாகக் கிடத்தப்பட்டன. மணியடித்தபோது கொண்டுவரப்பட்டன, பால் போதாதபோது போத்தல் கொடுக்கப்பட்டது. முலைக்காம்பு வெடித்தால், பிள்ளை வாய்வைக்கும் விதத்தைத் திருத்துவதற்கு மாறாக, நிமிடக்கணக்கைக் குறைத்தனர். 1948இல் அமெரிக்காவிலே நியூற்றன் தம்பதியினர் செய்த ஒரு பரிசோதனை இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. பாலூட்டும் தாயொருவரைக் குளிர்நீரில் கால் வைக்கச் செய்தும், கணக்குக் கேட்டும், கால்விரலை இழுத்தும் தொல்லைப்படுத்தினர்; பிள்ளைக்குக் கிடைத்த பால் குறைந்தது. ஒட்சிற்றோசின் ஊசி ஏற்றியபோது தொல்லை இருந்தும் பால் மீண்டது. பால் இருந்தது, இறங்கவில்லை. பிள்ளை பார்க்க வந்தோர் நால்வர் சூழநின்று ‘பால் காணாது’ என்று கூறும் அறையிலே ஒரு தாயின் நிலை என்னவென்பதை நாமே ஊகிக்கலாம்.

இவ்வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் மனிதர் சிசிலி வில்லியம்ஸ். 1893இல் ஜமெய்க்காவிற் பிறந்து ஒக்ஸ்போட்டிற் கற்ற இவ்வைத்தியர் 1929இல் இன்றைய கானாவான தங்கக்கரைக்குப் பணியாற்றச் சென்றார். அங்கே உடல் வீங்கி, தோல் உரிந்து, மயிர் செம்பட்டையாகி இறந்த குழந்தைகளை அவர் கண்டார். நோயின் பெயரை அவ்வூர்ப் பெண்களிடமே கேட்டார். ‘குவாசியோக்கோர்’ என்றனர். அடுத்த பிள்ளை பிறந்ததும் தாயின் மார்பிலிருந்து அகற்றப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்பது அக்கா மொழிச் சொல்லின் கருத்து. வைத்தியக் கல்லூரிகள் அறியாத காரணத்தை அச்சொல் தன்னுள்ளே வைத்திருந்தது. கடோகன் பெண்களின் அறிவைத் தள்ளினார். வில்லியம்ஸ் அதனைக் கேட்டு எழுதிக்கொண்டார். மருத்துவ வரலாற்றிலே இது சிறிய மாற்றமன்று.

பின்னர் அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். அங்கே வறுமையன்றி வணிகமே குழந்தைகளின் பகையாயிருந்தது. தாதியர்போல உடையணிந்த பெண்கள் வீடுவீடாகச் சென்று பேணிப்பாலின் பெருமை கூறினர். ஆடை நீக்கிய சீனிப்பாலிலே விற்றமின் ஏ இல்லை; அதனையே குடித்த குழந்தைகள் கண் கெட்டன; நீர்ப்பால் கரைத்த அசுத்த நீரால் வயிற்றோட்டம் கண்டு மாண்டன. 1939இற் சிங்கப்பூர் றோட்டரிக் கழகத்தின் முன்னிலையில் ‘பாலும் கொலையும்’ என்னும் தலைப்பிலே வில்லியம்ஸ் உரையாற்றினார். இவ்வாறு பாலைத் திணிப்பதாற் குழந்தைகள் இறப்பதைக் கொலையென்றே கொள்ளவேண்டும் என்று வணிகர் நிறைந்த அவையிலே துணிந்து கூறினார்.

மூன்றாண்டுகளுக்குள் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. வில்லியம்ஸ் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார். உணவு பற்றாக்குறை, நோய், விசாரணை, அச்சம் ஆகிய யாவும் அங்கிருந்தன. பால் வற்றுவதற்கு இதனிலும் மோசமான இடமொன்றைக் கற்பனை செய்யவியலாது. அச்சிறையில் இருபது குழந்தைகள் பிறந்தன, இருபதும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன. இக்கணக்கை வில்லியம்ஸ் பின்னாளில் அடிக்கடி எடுத்துரைத்தார். சிறையிலே பேணிப்பால் விற்க எவரும் இருக்கவில்லை. தாயையும் பிள்ளையையும் பிரிக்கும் ஆலையும் மலையும் இருக்கவில்லை. ‘உனக்குப் பால் காணாது’ என்று கூறவும் எவருமிலர்; உடனிருந்த வைத்தியர் ‘காணும்’ என்றார்.

விடுதலையான பின்னர், 1948இல், உலக சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு அவர் முதற்றலைவரானார். ஆயினும் அவர் 1939இற் கூறியதை உலகம் செவிமடுக்க மேலும் முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. 1974இல் பிரித்தானியாவில் மைக் முல்லர் எழுதிய சிறுநூல் பால்மா நிறுவனங்களின் விற்பனை முறைகளை அம்பலப்படுத்தியது. அதனைக் கடுமையான தலைப்போடு ஜேர்மன் மொழியில் வெளியிட்ட சுவிற்சர்லாந்துக் குழுவினர்மீது நெஸ்லே நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1976இல் தலைப்பு அவதூறானது எனக் கொண்ட நீதிமன்றம் சிறு தண்டப்பணம் விதித்தது. எனினும் நிறுவனம் தனது விளம்பர முறைகளை மாற்றியமைக்கவேண்டும் என்றும் கூறிற்று. 1977இல் அமெரிக்காவிற் புறக்கணிப்பு இயக்கம் தொடங்கிற்று. 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாற் பதிலீடுகளின் சந்தைப்படுத்தலுக்கான சர்வதேசக் கோவையை 118 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ஐக்கிய அமெரிக்கா. சுதந்திர வர்த்தகம் என்னும் சொற்றொடர் எத்தகைய அவைகளிலெல்லாம் பயன்படும் என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

இலங்கை 1983இல் தனக்கெனக் கோவையொன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பேணியிலே கொழுத்த குழந்தையின் படம் மறைந்தது. வைத்தியசாலைகளில் இலவசப் பேணிகள் கொடுப்பது தடுக்கப்பட்டது. பிரசவ விடுதிகளில் பிள்ளை தாயின் அருகிலேயே கிடத்தப்பட்டு, முதல் மணித்தியாலத்துக்குள்ளேயே சீம்பால் ஊட்டப்படும் வழக்கம் நிலைபெற்றது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 தாய்ப்பாலை மட்டுமே பெற்றன. செல்வந்த நாடுகள் பலவற்றால் எட்டமுடியாத அளவு இது. எமது தாய்மாரின் உடல் ஒரு தலைமுறைக்குள் மாறிவிடவில்லை. அவர்களைச் சூழ்ந்த ஏற்பாடு மாறியது.

சென்ற வருடம் எனது அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. பத்தாம் நாள் எங்கள் வீட்டிலும் வழக்கமான வார்த்தை எழுந்தது. பெரியம்மா பேணியொன்றையும் கையோடு கொண்டுவந்திருந்தார். அன்று வந்த மருத்துவ மாது பேணியைப் பார்த்தும் பாராதவர்போல அமர்ந்து, ‘பிள்ளை ஒருநாளைக்கு எத்தனை தரம் சலம் போகுது?’ என்றார். ஏழெட்டுத் தரம் என்றார் அக்கா. பிள்ளையை நிறுத்தார், பிறந்த நிறையைத் தாண்டியிருந்தது. கண்ணிலும் தோலிலும் மஞ்சள் உண்டா என்று வெளிச்சத்திற் பார்த்தார். பின்னர் ஊட்டச் சொல்லி அருகிலிருந்து கவனித்து, பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு சேரத் திருப்பி, நாடி மார்பிற் படும்படி அணைத்துக் கொடுத்தார். வெடித்திருந்த காம்பின் நோவு அப்பொழுதே குறைந்ததென்று அக்கா கூறினார். போகும்போது அவர் எங்களிடம் கேட்டவை வேறு: இரவுச் சமையல் யார் செய்கிறீர்கள், உடுப்பு யார் தோய்க்கிறீர்கள், இவ பகலில் நித்திரை கொள்ள விடுகிறீர்களா. பெரியம்மா பேணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பேற்றுவிடுப்பு முடிந்ததும் அக்கா தமது ஆடைத் தொழிற்சாலைக்குத் திரும்பினார். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தொழிலாளிக்கு ஒரு வேலைநாளில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. அண்மையிற் பிள்ளை பராமரிப்பு நிலையம் இருப்பின் அரைமணி நேரம் வீதமும், இல்லாவிடின் ஒருமணி நேரம் வீதமும் வழங்கவேண்டும். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்திற் பின்னர் சேர்க்கப்பட்ட ஏற்பாடு இது. இக்கட்டுரைக்காகச் சட்டத்தைப் படித்தபோதுதான் நானும் அதனை அறிந்தேன். அக்காவிடம் சொன்னேன். அப்படியொன்று உண்டென்று தொழிற்சாலையில் எவரும் தமக்குச் சொல்லவில்லை என்றார். அப்பொழுது பிள்ளைக்கு ஐந்து மாதம். அவருக்குப் பால் குறையத் தொடங்கி மூன்று கிழமையாகியிருந்தது.